விளக்கை யார் போடுவது

மார்ச் 4

மாப்பிள்ளை வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்து என் நாவலை மேஜைமேல் போட்டார். வைக்கவில்லை, போட்டார்.

"இதுதான் மாமா என் குடும்பத்தைக் கெடுத்துச்சு. புருஷனை விட்டுட்டுப் போறவளைப் பத்தி எழுதி, அதைப் பெத்த பொண்ணு கையிலயே குடுத்தா வேற என்ன நடக்கும்?"

மகள் தனியாக அறை எடுத்துப் போய் இரண்டு வாரம் ஆகிறது. காரணம் கேட்டால் "அப்புறம் சொல்றேன்" என்கிறாள். காகிதம் எந்தக் குடும்பத்தையும் கெடுக்காது என்று மாப்பிள்ளையை அதட்டி அனுப்பினேன்.

இங்கே பொய் எழுத முடியாது. அவர் போனபிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 5

ஏன் சந்தோஷப்படக் கூடாது? பட்டறையில் லேத் ஓட்டியவன் எழுதியது என்பதாலேயே அந்த நாவலை ஒருவரும் திறக்கவில்லை. வாசகர் வட்டத்துப் பேராசிரியர் "அட்டை நல்லா வந்திருக்கு" என்றார். அட்டையை நான் எழுதவில்லையே ஐயா! மிச்சப் பிரதிகள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. முதல்முறையாக ஒருவர் வந்து, அது ஒரு வீட்டையே அசைத்துவிட்டது என்கிறார்.

மார்ச் 7

தூக்கம் சரியில்லை.

என்னை மனிதனாக்கியது புத்தகம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான். பட்டறையில், சாப்பாட்டு நேரத்தில், அட்டை கிழிந்த ஒரு கதைப்புத்தகம் படித்தேன். படித்த அந்த வாரமே, என்னை அடிக்க ஓங்கிய மேஸ்திரியின் கையைப் பிடித்தேன். வேலை போயிற்று, முதுகு நிமிர்ந்தது. அது புத்தகம் செய்த நல்லது என்றால், கெட்டதும் அதனால் முடியும். லாபத்துக்கு மட்டும் வந்து நின்றுவிட்டு நஷ்டத்துக்குக் கையை விரிக்கலாமா?

அப்படியானால் என் மகள் வாழ்க்கையை நானேதான் —

நாளை நேரில் கேட்டுவிடுகிறேன்.

மார்ச் 8

மகளின் அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சாலையைப் பார்த்த ஜன்னல். நேராகவே கேட்டேன்: "எந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு கிளம்பின?"

சிரித்துவிட்டாள். "அப்பா, கோவிச்சுக்காதீங்க. முப்பது பக்கம் தாண்டல. ஒரே மழையா பெய்யுது உங்க கதையில."

பிறகு சொன்னாள். தோழிக்கு அவள் போனில் எழுதியதையெல்லாம் மாப்பிள்ளை எடுத்து, தன் அண்ணன் தம்பிகள் முன்னால் உரக்கப் படித்துச் சிரித்திருக்கிறார். வேண்டாம் என்று கெஞ்சிய பிறகும் இன்னொரு முறை.

"இதுக்கு மேல கிளம்புறதுக்கு எனக்கு ஒரு புக்கு வேணுமாப்பா?"

அந்த ஆள் இனி என் வாசற்படி ஏறட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

திரும்பும் வழியில் பேருந்தில் இன்னொன்றும் குத்திக்கொண்டே வந்தது. முப்பது பக்கமாம். பெற்ற மகள்!

மார்ச் 9

மனைவியிடம் புலம்பினேன். சொந்த வீட்டிலேயே என்னைப் படிக்க ஆள் இல்லை என்றேன். சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்:

"நான் படிச்சேனே. முழுசா."

"எப்போ?"

"தினம் மத்தியானம் மூணு மணிக்கு நீங்க எழுத உக்காருவீங்க. சத்தம் ஆகாதுன்னு தையல் மிஷினை நிறுத்தச் சொல்லுவீங்க. சும்மா உக்காந்து என்ன பண்றது? படிச்சேன்."

எப்படி இருந்தது என்று கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கடைசியில பொய் சொல்லிட்டீங்க. அவ திரும்பி வந்து விளக்கைப் போட்டாளாம், வீடு நிறைஞ்சுதாம். ஏன், அதுவரைக்கும் அவன் இருட்டுலயா உக்காந்திருந்தான்? கைக்கு எட்டுற தூரத்துல இருக்கிற விளக்கைப் போடத் தெரியாதா அந்த மகாராஜாவுக்கு?"

உனக்கு இலக்கியம் தெரியாது என்றேன்.

"தெரியாதுதான். அவனைத் தெரியும்."

மார்ச் 12

மனைவி தையல் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு மகள் அறைக்குப் போய்விட்டாள்.

"கொஞ்ச நாள் அவகூட இருக்கேன். அங்க மத்தியானமும் தைக்கலாம்."

"என் புத்தகத்தைப் படிச்சுட்டுத்தானே இப்படி?"

யோசித்தாள். "இருக்கலாம். ஆனா உங்க கதையில அவ சொல்லாமப் போனா. நான் சொல்லிட்டுப் போறேன்."

ஆகக்கூடி எனக்கு ஒரே ஒரு வாசகர். படித்தாள், போய்விட்டாள். இது நல்லதா கெட்டதா? பேராசிரியரைக் கேட்டால் அட்டையைப் பற்றிச் சொல்வார்.

மார்ச் 14

மூன்று மணி. வீட்டில் துளிச் சத்தம் இல்லை.

ஒரு வரிகூட ஓடவில்லை.

மார்ச் 19

எண்ணெய்க் குப்பியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எண்ணெய் இல்லாமல் மிஷின் இறுகிவிடும். கொடுத்துவிட்டு வரத்தான் போகிறேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 27

எண்ணெய் கொடுக்கப் போனவன் தினமும் போகிறேன். இதை எழுதுவதும் மகளின் கட்டிலில் உட்கார்ந்துதான். பக்கத்தில் மிஷின் கடகடவென்று ஓடுகிறது. நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னாலும் நிறுத்த மாட்டாள். எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்றும் கேட்கவில்லை.

நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு மாற்றினேன்: 'இருட்டியதும் அவன் எழுந்து விளக்கைப் போட்டான்.' அவள் திரும்பி வந்தாளா என்பதை எழுதவில்லை.

இது அவள் சொன்னதற்காக அல்ல. வாக்கியம் இப்படித்தான் நேராக நிற்கிறது.