கொக்கி என் பக்கத்தில்

ஏறாவூர்,
நோன்புப் பெருநாளுக்கு மறுகிழமை.

ரெயில் டிறைவர் கனகசிங்கத்தின் மகன் அழகரத்தினத்துக்கு, அவருடைய பழைய பயர்மன் அசனார் சொல்லச் சொல்ல மகள் ஸகியா எழுதுவது. ஆண்டவன் காவலில் நாங்கள் சுகம். நோர்வேக் குளிரில் உங்கள் நெஞ்சுச் சளி விட்டதா? நான் நீ என்றுதான் சொல்கிறேன். ஸகியா நீங்கள் என்று எழுதுகிறாள். படித்தவள், அவள் இஷ்டம்.

அப்பாவின் இஞ்சினில் கொக்கி வைத்தது எந்த வருஷமென்று கேட்டிருந்தீர்கள். இலக்கம் எனக்குத் தெரியாது. பெருவெள்ளம் வந்து ஆளும் மாடும் அள்ளுண்டு, வயல் வட்டையெல்லாம் வாவியாகிக் கிடந்ததே, அதற்கு அடுத்த வருஷம். நாடு முழுக்கக் கலவரம் நடந்ததும் அதே வருஷம்தான். அப்போது ஸகியா தவழுகிற பிள்ளை. இப்போது அவளுக்கே இரண்டு நரை. இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுதென்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் செய்கிற சின்ன இஞ்சினின் படம் வந்து சேர்ந்தது. ஆமிச் சாவடியில், படத்தைக் கொண்டுவந்த மருமகன் பதியுதீனை மறித்து, இது என்ன எந்திரமென்று கேட்டார்களாம். கடையில் வாங்கிய விளையாட்டு ரெயில், மாமா பார்த்துப் பிழை சொல்ல வேண்டும் என்றானாம். உன் மாமா இஞ்சினியரோ என்று ஆமிக்காரன் கேட்க, இல்லை ஐயா, கரி அள்ளிப் போட்டவர் என்றானாம். சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். இங்கே ரெயில் ஓடி எவ்வளவு காலம்! தண்டவாளத்துக்கு நடுவே ஆடு மேய்கிறது. ஆகையால் உங்கள் படத்தை இந்த வீட்டில் எல்லாரும் இரண்டு தரம் பார்த்தோம்.

எங்கேயோ ஒரு தேசத்து இஞ்சினை வாங்கி, அறுத்தும் ஒட்டியும் எங்கள் இஞ்சினாக மாற்றியிருக்கிறீர்கள். அந்தக் கைக்கு நூறு வயது வேண்டும். ஆனாலும் கேட்டபடியால் பிழை சொல்கிறேன். புகைபோக்கி உயரம் கூட. ஒரு நெல்மணி அளவு அராவுங்கள். கூரையின் பின் ஓரத்தில் ஒட்டுப் போட்ட தகடு ஒன்று இருந்தது, தடவினால் விளிம்பு தட்டும். பின்பக்கத்து ஏணியில் கீழ்ப்படி உள்ளே வளைந்தது, அது வாழைச்சேனையில் நான் கவனப்பிழையாகக் கரிக்கூடையைப் போட்டு வளைத்தது. இலக்கத் தகட்டை வாசிக்க எனக்குத் தெரியாது. நாலு ஆணியில் கீழ் ஆணி ஒன்று கழன்று, செப்புக் கம்பியால் கட்டியிருந்தோம். அதை வைத்துத்தான் இருட்டிலும் எங்கள் இஞ்சினை நான் கண்டுபிடிப்பேன்.

பச்சையா கறுப்பா என்று நிறத்துக்காக மினக்கெட வேண்டாம். இஞ்சின் கிரானில் இருக்கிற அம்மாவுக்கு, அவவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். அவ விரலால்தான் பார்ப்பா. விரலுக்குத் தட்டுப்படுகிறது எல்லாம் சரியாக இருந்தால் போதும். ஒன்று பிழைத்தாலும் இது வேறு இஞ்சின் என்று வைத்துவிடுவா.

இனி, சொல்லத் தயங்கிய விஷயம். கொக்கியை நீங்கள் அப்பா நிற்கிற இடப்பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். அது வலப்பக்கம், என் பக்கம். வாவித் தோணியொன்றின் உடைந்த நங்கூரப் பல்லைக் கொல்லன் முஹம்மட் சூடாக்கி வளைத்துப் பூட்டியது. அடி தடிப்பு, நுனி மேலே பார்க்கும். எந்த மேலதிகாரி கேட்டாலும் விளக்குத் தொங்கவிட என்று சொல்வோம். சாமான் ரெயிலோடு போகையில் கிரானில் உங்கள் வீடு வலப்பக்கம் வரும். அப்பா வேகத்தைத் தணிப்பார். அம்மா வேலிக்கு வெளியே வந்து நின்று, நீட்டுக் கம்பால் சோற்றுக் கரியரைக் கொக்கியில் மாட்டிவிடுவா. ஒரு நாளும் தவறி விழுந்ததில்லை.

கரியர் யார் பக்கம் வருகிறதோ அவன்தான் முதலில் தின்ன வேண்டும், அது றெயில்வேச் சட்டம் என்பார் உங்கள் அப்பா. நான் தின்று முடியும்வரை என் சவலை வாங்கிக் கரி போடுவார். அப்படி ஒரு சட்டம் இல்லையென்று எனக்குப் பென்சன் எடுத்த பிறகுதான் தெரியும். அந்தக் கரியரில் ஏழு வருஷமும் மீன்தான். கோழியும் ஆடும் உங்கள் வீட்டில் சமைக்காமலா இருந்தார்கள்? அறுத்தது யாரென்று அசனார் யோசிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தச் சோற்றுக்கு இன்றைக்கும் ஐந்து வேளையும் துஆக் கேட்கிறேன்.

ஆகவே மகன், வேலியில் ஏறி நின்று நீங்கள் கை காட்ட அப்பா திரும்பக் காட்டினார் என்று எழுதியிருந்தீர்களே, கரியரை எடுத்துக்கொண்டு திரும்பக் காட்டிய கறுத்த கை என்னுடையது. அப்பா விசைப்பிடியை விடமுடியாமல் மற்றப் பக்கத்தில் நின்றார். இதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மாவின் விரல் பிழையான பக்கத்தில் தேடுமே என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் நீங்கள் கண்டது பொய்யில்லை. நோன்பு மாதத்தில் போகும்போது கரியர் வராது, திரும்பும்போதுதான் வரும். இஞ்சினைத் திருப்பிக்கொண்டு வருகையில் உங்கள் வீடு அப்பாவின் பக்கம். அந்தப் பக்கம் கொக்கி இல்லை. ஒரு கையை விசைப்பிடியில் வைத்து மற்றக் கையை வெளியே நீட்டி, அவரே வாங்குவார். அந்த மாதம் முழுக்க அவரும் பகலில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். கேட்டால், டிறைவர் தின்னப் பயர்மன் பார்த்துக்கொண்டிருப்பதும் சட்டப்படி குற்றம் என்பார். பொழுது பட்டதும் கஞ்சியை முதலில் எனக்குத்தான் தருவார். அந்த நாளில் நீங்கள் கண்டது அப்பாவின் கைதான்.

தமிழரும் முஸ்லிமும் வெட்டுப்பட்ட அந்த ஆவணிக்குப் பிறகு உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே எங்கள் கால் நடப்பதில்லை. அப்பாவை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பாத சேதி கேட்டும் நான் கிரானுக்குப் போகவில்லை. பயந்துபோய் வீட்டுக்குள் இருந்தேன். அதை அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும். நீங்கள் இஞ்சினை என் விலாசத்துக்கே அனுப்புங்கள். பதியுதீனைக்கூட அனுப்பமாட்டேன், நானே கொண்டுபோய் அம்மாவின் மடியில் வைப்பேன். வழியில் மறித்தால் கரி அள்ளியவன் என்று சொல்லிக்கொள்வேன்.

உங்கள் பிள்ளைகுட்டி குளிரிலும் வாடாமல் செழித்திருக்க ஆண்டவன் துணை.

இப்படிக்கு,
அசனார் (பெருவிரல் அடையாளம்)

மை காய முன் இன்னுமொன்று. கிழவன் பக்கத்தை மாற்றிச் சொல்கிறான் என்று உங்களுக்கு ஐயம் வந்தால் விசாரியுங்கள், கோபிக்க மாட்டேன். கொல்லன் முஹம்மட் மௌத்தாகிவிட்டார். ரெயில் கார்ட் கதிர்காமத்தம்பியைச் சூறாவளி கொண்டுபோனது. உங்கள் அப்பாவைக் கேட்க வழியில்லை. கொக்கி எந்தப் பக்கமென்று சொல்ல, என்னை விட்டால் இனி உயிரோடு இருக்கிறது ஒரே ஒரு ஆள்தான், மகன். உங்கள் அம்மா சின்னத்தங்கம்.