கப்பக்காரன் புத்தகம்

அக்கா,

நேற்று புளி அடைக்கப் பெரிய பானை தேடிப் பரணில் ஏறினேன். பானைக்குள் துணி சுற்றிய ஒரு நாற்பது பக்க நோட்டு. பிரித்தால் பக்கமெல்லாம் பழுப்பு விரல் கறை, பிசுபிசுப்பு, புளி வாசம். நாம் இரண்டு பேரும் புத்தகம் படித்த அந்த ஒரு வருஷத்தின் பட்டியல் அது. நான் படித்தேன், நீங்கள் கேட்டீர்கள். ஆனாலும் யாரிடமும் ‘படித்தோம்’ என்றுதான் சொல்லி வருகிறேன்.

ஆவுடையார்கோவிலில் நூலகம் திறந்த ஆடியில் ஆரம்பித்தோம். உங்கள் கொழுந்தனார், அதுதான் என் வீட்டுக்காரர், வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகிற சாக்கில் புத்தகம் எடுத்து வருவார். அடுத்த ஆடியில் என் மகள் பிறந்தாள், அதோடு படிப்பு குறைந்தது. அவளுக்கு இப்போது பத்து வயது.

நோட்டில் பதினேழு புத்தகங்கள். ஒன்றுக்கும் அதன் சொந்தப் பெயர் இல்லை. அட்டையில் இருப்பதை உங்களால் வாசிக்க முடியாது, அதனால் நீங்களே ஒரு பெயர் வைப்பீர்கள். ‘அழுமூஞ்சி மருமக’, ‘ரெண்டு பொண்டாட்டிக்காரன்’, ‘தின்னுக்கிட்டே இருக்குற ராசா’. பக்கத்தில் உங்கள் தீர்ப்பையும் எழுதியிருக்கிறேன். ராசாவுக்கு, ‘பாதியிலயே விட்டிருக்கலாம்.’ பதினொன்றாவதாக இருக்கும் ‘கப்பக்காரன்’ பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை.

எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். புத்தகம் வந்த மறுநாளே திருட்டுத்தனமாக முழுவதும் படித்துவிடுவேன். மத்தியானம் உங்கள் எதிரில் உட்கார்ந்து, நானும் முதல் தடவை படிக்கிற மாதிரி வியப்பேன். அப்படித்தான் கப்பக்காரனின் முடிவும் எனக்கு முன்பே தெரிந்துபோனது. ரங்கூனுக்குக் கப்பலேறிய ஒருவனுக்காக அவன் மனைவி காத்திருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில், அங்கே அவனுக்கு வேறு குடும்பம் இருக்கிறது, இனி வரமாட்டான் என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து சொல்கிறார். அவ்வளவுதான் கதை.

அது பங்குனி. மூத்தவர், உங்கள் வீட்டுக்காரர், பினாங்குக்குப் போய் ஆறு வருஷம். கடிதம் நின்று மூன்று வருஷம். அன்னவாசலிலிருந்து உங்கள் அண்ணன்மார் வந்து, “சித்திர பொறந்ததும் வந்துரு ஆத்தா, இங்க யாருக்காக இருக்க?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். அந்த நேரத்தில் அந்த முடிவை எப்படிப் படிப்பேன்? உங்கள் மேல் இரக்கம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாதிதான் இரக்கம். நீங்கள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன் என்ற சுயநலம் மீதிப் பாதி.

புளியில் கொட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். கப்பல் வந்தது என்று படித்தேன். அவன் ஒரு தகரப் பெட்டியோடு இறங்கினான் என்றேன்.

“பொட்டியில என்ன இருந்துச்சு?”

“சேலைக்கா.”

“என்ன கலரு?”

“மாம்பழக் கலரு.”

நீங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த புளியை எடுத்தீர்கள்.

இரண்டு நாள் கழித்து அண்ணன்மார் திரும்ப வந்தார்கள். “நான் வரலண்ணே. இங்கிட்டே இருந்துக்கிறேன்” என்றீர்கள். நான் இட்டுக்கட்டிய ஒருவனை நம்பி நீங்கள் ஆயுளையே வைத்துவிட்டீர்களே என்று பயந்து செத்தேன். மறுவெள்ளி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முந்திய மத்தியானம் உங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“அக்கா, அந்தப் புத்தகத்துல அவன் வரல. நானாத்தான் சொன்னேன்.”

“தெரியும் புள்ள. கடைசியில நீ பக்கத்தையே திருப்பலையே. ஒரே பக்கத்துக்குள்ளயா அவன் ரங்கூன்லேருந்து வந்து, பொட்டியத் தொறந்து, சேலையும் குடுப்பான்?”

“அப்ப ஏங்க்கா போகல?”

“அண்ணன் வீட்டுல நெசத்தச் சொல்ல நாலு பேரு இருக்காக. எனக்காகப் பொய் சொல்ல இங்க ஒரு ஆளு இருக்கு.” புளிக்கூடையை ஒதுக்கி வைத்தீர்கள். “சரி, இருக்குறத இருக்குறபடி படி.”

படித்தேன். அழுதது நான்தான். நீங்கள் முழுவதையும் கேட்டீர்கள்.

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தாங்க்கா.”

“மறுநா காலையில எந்திரிச்சு அவ என்ன செஞ்சா?”

“அத எழுதலக்கா.”

“அவன் வரலன்னதும் எழுதுனவருக்குக் கதை முடிஞ்சுபோச்சாக்கும். அவளுக்கு முடியலையே.”

மறுநாள் விடிந்ததும் உங்கள் கொழுந்தனாரிடம் போய் நின்றீர்கள். “தம்பி, மேலக்காட்ட இனிமே நானே பாத்துக்கிறேன்.” மூத்தவர் பங்கு அது. அவர் போனதிலிருந்து இவர்தான் உழுது வந்தார். தலையைச் சொறிந்துகொண்டு, “ஒங்களால ஏலுமா அண்ணி?” என்றார். “ஏலாட்டி சொல்றேன்” என்றீர்கள். அப்படிச் சொல்ல வேண்டிய நாள் கடைசிவரை வரவில்லை. மிளகாயும் கடலையும் மாற்றி மாற்றிப் போட்டீர்கள். பினாங்கிலிருந்து மூத்தவரும் வரவில்லை, ஒரு வரி கடிதமும் வரவில்லை. அதற்காக நீங்கள் அழவே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அழுதுவிட்டும் காட்டுக்குப் போனீர்கள்.

பன்னிரண்டாவது புத்தகத்திலிருந்து ஒவ்வொன்று முடியும்போதும் அதே கேள்விதான் கேட்டீர்கள். மறுநாள் காலையில் அந்த மருமகள் என்ன செய்தாள், அந்த ராசா யாரை எழுப்பினான். நாம் போட்ட சண்டையெல்லாம் அதில்தான். இப்போதும் எந்தப் புத்தகத்தை மூடினாலும் எனக்கு அதுதான் கேட்கத் தோன்றுகிறது. முடிவை நானாக மாற்றுவதை விட்டுவிட்டேன்.

போன தையில் உங்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் காலை வீடு நிறையச் சனம். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலக்காட்டுக்குக் கிளம்பினேன். “எழவு வீட்டுலேருந்து எங்கிட்டுப் போறா இவ?” என்று யாரோ கேட்டார்கள். நீங்கள் படுத்த நாளிலிருந்து தண்ணீர் காணாமல் மிளகாய்ச் செடி துவண்டு கிடந்தது. உங்கள் கொழுந்தனார் பின்னாலேயே மாட்டை ஓட்டி வந்து கிணற்றுக் கமலையில் பூட்டினார். அவர் இறைக்க, நான் மடை மாற்றி விட்டேன். அழுகை எனக்கு அங்கேதான் வந்தது, அக்கா. கடைசிப் பாத்திவரை பாய்ச்சிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.