குளவி மாதிரி ஒரு ஈ

9 ஜனவரி 2025, வியாழன்

தபால் ஆபீசில் பொங்கல் நேரத்துக் கூட்டம். வீடு வர ஐந்தரை ஆகிவிட்டது. அவர் கம்ப்யூட்டரில் புடவை பார்டர் வரைவதைப் பாதியில் விட்டுவிட்டு, ஜன்னல் வலையில் நெற்றியை ஒட்டித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக் கதவைப் பூட்டி இன்றோடு இருபத்திரண்டு நாள். சாவி என் ஹேண்ட்பேக்கில்.

வேறென்ன செய்வேன்? ஒரே ஒரு குளவி. மோட்டார் பெட்டியைத் திறந்தபோது அவர் புறங்கையில் கொட்டியது. கால் மணி நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு விசில் அடிக்கிற மாதிரி... இங்கே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் வழி முழுக்க அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் 'அமர்நாத்' என்று நான் வாய்விட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து அவர் மூச்சு விடுவதையே கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

12 ஜனவரி, ஞாயிறு

பொங்கல் கழிந்ததும் வந்து பூக்கிற செடி எல்லாவற்றையும் பிடுங்கிவிடும்படி தோட்ட வேலை செய்கிற குப்புராஜிடம் சொன்னேன். "மருந்து அடிச்சிட்லாமா?" என்றார். வேண்டாம். ஜைன வீட்டில் அது முடியாது. பூ இல்லாவிட்டால் பூச்சி தானே போய்விடாதா?

அவரிடமும் சொன்னேன். "கொத்தமல்லி இப்பதான் பூத்திருக்கு, ஜெயா." அவ்வளவுதான் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

18 ஜனவரி, சனி

"நீ பாத்து பயப்படுறியே, அதுல பாதி குளவியே இல்ல. ஈ."

மஞ்சள் வரி, கறுப்பு வரி. ஈயாம்! ஜன்னல் வழியாக போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். குளவிக்கும் தேனீக்கும் நாலு இறக்கை, இதற்கு இரண்டு. தலை முழுக்கக் கண். மீசை இருப்பதே தெரியவில்லை. கொடுக்கு கிடையாதாம். பறவை கொத்தாமல் இருக்க அந்த வேஷமாம்.

"நம்பலன்னா நீயே போய் பாரு. நான் இங்கியே நின்னுகினு இருக்கேன்."

குப்புராஜை அடுத்த மாசம் வரச் சொன்னேன். இதற்காக இல்லை. அவருக்கும் வேறு இடத்தில் வேலை இருக்கிறதாம்.

19 ஜனவரி, ஞாயிறு

முந்தானையால் காது, கழுத்தெல்லாம் மூடிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கொத்தமல்லிப் பூவுக்கு மேலே ஒன்று, அந்தரத்தில் அப்படியே நின்றது. நகரவே இல்லை. சட்டென்று ஒரு சாண் தள்ளிப் போய் மறுபடி நின்றது.

ஜன்னலிலிருந்து, "எறக்கை எத்தினி?"

"உக்காந்தாதான தெரியும், இருங்க."

உட்கார்ந்தது. குனிந்து பார்த்தேன். "ரெண்டுதாங்க!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாக்கா ரெண்டு?" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரிப்பதைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று.

26 ஜனவரி, ஞாயிறு

அவரைக்கொடியில் மொய்க்கிற அசுவினிப் பூச்சியை இந்த ஈயின் புழுதான் தின்கிறதாம். பார்க்கச் சங்கடம். ஆனால் அது அதன் சாப்பாடு, நான் தலையிடவில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

எல்லாம் தெரிந்துவிட்ட திமிர் எனக்கு. ஈ என்று நினைத்து விரலை நீட்டினேன். தேனீ. கொட்டிவிட்டது. "அம்மா!" என்று அலறினேன்.

அடுத்த நொடி அவர் என் பக்கத்தில். கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தானே வந்திருந்தேன். காலில் செருப்புகூட இல்லை.

"உள்ள போங்க! அறிவில்ல உங்களுக்கு? உள்ள போங்கன்றேன்!"

"மொதல்ல கைய காட்டு."

நகத்தால் சுரண்டிக் கொடுக்கை எடுத்தார். சுற்றிலும் பறந்துகொண்டிருந்தன. ஈயோ, தேனீயோ. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்து ஓவென்று அழுதேன். "யாருக்கும் ஒண்ணும் ஆவல, எதுக்கு அழுவுற?" என்கிறார். இன்னா மனுஷன் இவரு! ஏதாவது ஆயிருந்தா? நான் இன்னா பண்ணுவேன்?

அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நீ பூட்டி வெச்சதுக்கு எனக்கு கோவம் இல்ல ஜெயா. ஆனா நீ கத்தும்போது அந்தக் கதவு பூட்டியிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?"



8 பிப்ரவரி, சனி

வேலூர் போய்வந்தோம். அவசர ஊசியைத் தொடையில் எப்படிப் போடுவது என்று டாக்டர் காட்டினார். மூன்று தரம் என்னைச் செய்துகாட்டச் சொன்னார். ஊசி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். முழுக்கைச் சட்டை. மோட்டார் பெட்டி இனி என் பொறுப்பு. மற்றபடி அவர் தோட்டத்துக்குப் போகலாம்.

பஸ்ஸிலிருந்தே குப்புராஜுக்கு போன் செய்து, வர வேண்டாம் என்றேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

எங்கள் ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும், வீட்டுக்குள்ளே ஒரே புழுக்கம். தட்டுகளைத் தோட்டத்துக்கே எடுத்துப் போனோம். களம்பூரில் அவர் தங்கை வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சு. யார் யாருக்குப் பத்திரிகை வரவில்லை, யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. பேசிப் பேசிக் கை காய்ந்துவிட்டது.

கை கழுவ எழுந்தபோதுதான் உறைத்தது. முக்கால் மணி நேரமாக அவர் மூச்சை நான் கவனிக்கவே இல்லை.