நீங்கள் கடைசியாக ஒப்பமிட்ட சான்றிதழ்

அண்ணை,

இன்று காலை கணினித் திரையில் மறுபடியும் ஒரு சிவப்புக் கோடு. வேறொரு நாட்டில் யாரோ வேலை மாறிப் போயிருக்கிறார், அவருடைய டிஜிட்டல் கையொப்பத்தை இரத்துச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நானோ கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டேன். பக்கத்து மேசைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். மாதங்கள் போயும் அந்தச் சிவப்பைக் கண்டால் இப்படித்தான் ஆகிறது.

உங்களுடையதும் இப்படித்தான் வந்தது. சரக்கு இலங்கையில் செய்யப்பட்டது என்று கொழும்பில் நீங்கள் ஒப்பமிட்டு அனுப்பும் சான்றிதழ்களை இங்கே கனடாவில், ஸ்காபரோவில் இருந்து சரிபார்ப்பது என் வேலை. அன்று காலை பார்த்தால் உங்கள் பெயருக்கு நேரே இரத்து. கடவுச்சொல்லை மறந்து ஏதோ குழப்பிவிட்டீர்கள் என்று நினைத்து, பகிடி பண்ணவென்றே உங்கள் கைபேசிக்கு எடுத்தேன். "என்ன அண்ணை, பென்சன் எடுத்திட்டீங்களோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். எடுத்துப் பேசியது அக்கா, உங்கள் மனைவி. அவர் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"அவருக்குக் கொஞ்சம் கடுமை, பிள்ளை" என்றார்.

எங்கள் ஆட்கள் சாவை எடுத்தவுடன் சொல்லமாட்டார்கள். முதலில் கடுமை என்பார்கள். கேட்கிறவர் ஒரு கதிரையில் இருந்தபிறகுதான் மீதி வரும். அக்காவுக்குப் பின்னால் ஒரு வீடே அழுதுகொண்டிருந்தது. அந்த நிலையிலும் முகம் தெரியாத எனக்கு நோகாமல் சொல்லப் பார்த்தார். நான்தான் சிரித்துவிட்டேனே, அண்ணை. அங்கே மத்தியானம், இங்கே நான் நித்திரையாய் இருந்த நேரம், வேலைமேசையிலேயே சாய்ந்துவிட்டீர்களாம். லண்டனில் இருக்கும் உங்கள் தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை என்றார். என் கணினிக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

உடனுக்குடன் இரத்துச் செய்யும் அந்த விதியை எழுதியதே நாங்கள் இருவரும்தானே. ஒரு நாட்டின் டிஜிட்டல் கையொப்பத்தை மற்ற நாடு அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து பரீட்சித்துப் பார்த்த காலம். இணையவழிக் கூட்டங்களில் கோடையிலும் "அங்கை ஸ்நோ கொட்டுதோ?" என்றுதான் தொடங்குவீர்கள். ஒருமுறை நீங்கள் இங்கே நேரில் வந்தபோது, பக்கத்து அஜின்கோர்ட்டில் ஒரு கடையில் கொத்துரொட்டி ஆறிப்போகும்வரை வாதாடினோம். ஒப்பமிடுகிறவர் இறந்துபோனால் என்ன செய்வது? செத்தவீடு முடியட்டும், ஆறுதலாக இரத்துச் செய்யலாம் என்றேன் நான். நீங்கள் ஒரேயடியாக மறுத்தீர்கள். இறந்தவர் பெயரில் கள்ளச் சரக்கு ஒன்று வந்தாலே போதும், இரண்டு நாடும் ஒன்றையொன்று நம்புவதை விட்டுவிடும் என்றீர்கள்.

"செத்த உடனை வெட்டிவிட வேணும், தங்கச்சி. ஆனா உயிரோடை இருக்கேக்கை வைச்ச கையெழுத்து செல்லும். அதை ஒருத்தரும் தொடக்கூடாது."

சரியென்று இரண்டையும் எழுதிக்கொண்டோம். அன்று யாருடைய சாவைப் பற்றிப் பேசினோம் என்று எனக்கு எங்கே தெரிந்தது!

உங்கள் அலுவலகம் அறிவித்தவுடன், வெட்டிவிடுகிற வேலையைக் கணினி பிசகாமல் செய்தது. ஆனால் நீங்கள் அன்று அங்கே காலையில் ஒப்பமிட்ட சான்றிதழ் ஒன்றையும் சேர்த்துச் சிவப்பாக்கி வைத்திருந்தது. இங்கே ரூஜ் பக்கம் கடை வைத்திருக்கும் அன்ரி ஒருவர் எடுப்பித்த அரிசிமாவுக்கும் மிளகாய்த்தூளுக்குமான சான்றிதழ் அது. உங்கள் இடத்துக்கு வருகிறவரிடம் புதிதாக ஒன்று வாங்கினால் போயிற்று என்றார் மேலாளர். சுகமான வழிதான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. காலையில் நல்ல சுகத்தோடு இருந்து, வாசித்துப் பார்த்து வைத்த ஒப்பம் அது. அதையும் செல்லாது என்றால், அந்தக் காலையிலும் நீங்கள் இல்லை என்றாகிவிடாதா?

அழுதுகொண்டு ஆங்கிலத்தில் வாதாடுவது பெரிய பாடு, அண்ணை. என் அழுகைக்குப் பயந்தோ என்னவோ, மேலாளர் என்னைச் சுங்க அதிகாரியோடு பேச விட்டார். அந்தப் பெண் பொறுமையாக, நீங்கள் ஒப்பமிட்ட நேரத்தையும் அது இரத்தான நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒப்பமிட்டபோது அவர் உயிரோடுதான் இருந்தாரா என்று கேட்டாள். "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு அது விளங்கியது. கொஞ்ச நேரத்தில் உங்கள் பெயருக்குக் கீழே 'செல்லும்' என்று வந்தது. அதைப் பார்த்தபிறகுதான் நீங்கள் போய்விட்டீர்கள் என்பது எனக்கு உறைத்தது.

சரக்கு வந்து இறங்கிய அன்று அன்ரி தொலைபேசி எடுத்தார். நல்ல சந்தோசத்தில் இருந்தார். இந்தமுறை ஒரு தாமதமும் இல்லை, கொழும்பில் கையெழுத்து வைக்கிற ஐயாவுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லிவிடு என்றார். "ஓம் அன்ரி, சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். அதன்பிறகும் இரண்டுமுறை அவரைக் கடையில் கண்டேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. யாரிடம் சேர்ப்பதென்று தெரியாமல் அந்த நன்றியை இத்தனை மாதமாக நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்ரி நன்றி சொன்னார், அண்ணை.