ஆசாரியிடம் சொல்ல வேண்டியது

அத்தான்,

புளிக்குழம்பு மூடியிருக்கிறது. சுடவைத்து வயிறாரச் சாப்பிடுங்கள். என் ஈறில் வெட்டி மதுரைக்கு அனுப்பிய சதையின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ரத்தக்குழாயில் வரும் அபூர்வமான புற்றுநோயோ என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டார்களே, அது இல்லவே இல்லை.

"வெத்தலையப் போட்டுப் போட்டு இழுத்து வச்சிருக்கே" என்று நேற்று ஏசினீர்களே, அதுவும் இல்லை. நீங்கள் பரணில் ஒளித்த வெற்றிலைப் பெட்டியை எடுத்துவிட்டேன்.

காகிதத்தைப் படித்த டாக்டரம்மா, "ஏம்மா, உனக்கு நாள் தள்ளிப் போயிருக்கா?" என்றார்கள். கட்டியின் பயத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. சோதித்துப் பார்த்தால், ஆமாம். மாசமாக இருந்தால் சிலருக்கு ஈறில் இப்படி ரத்தக்கட்டி வருமாம். பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் வற்றிவிடுமாம். அங்கேயே சிரித்துவிட்டேன், அத்தான்.

அம்மாவிடம் சொல்லப் புளியங்குடி போகிறேன். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

முப்பிடாதி

பின்னால் தோன்றியது: என் வாய்க்காகக் கோமதியம்மனுக்கு நேர்ந்த வெள்ளி வாயை நிறுத்திவிடாதீர்கள். நேர்ந்தது நேர்ந்ததுதான். கூடவே சின்னதாக ஒரு வெள்ளித் தொட்டிலும் செய்யச் சொல்லுங்கள். வாய்க்கும் தொட்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆசாரி கேட்பார். சிரிக்காமல் வந்துவிடுங்கள், முடிந்தால்.