தோள்வரை வளர்ந்த சபதம்

இளவரசி அப்பாவுக்கு,

ஐயம்பேட்டை போய் அக்காவை அழைத்து வருகிறேன். சாவி எதிர்வீட்டில். ஃப்ரிட்ஜில் வடை மாவு; இளவரசியைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு, தொடாதீர்கள்.

அந்த ஹெவி மெட்டல் பாட்டைத் தடங்கலில்லாமல் வாசிக்கும்வரை முடி வெட்டமாட்டேன் என்று சபதம் போட்டீர்களே, தெருவில் எனக்குத்தான் கேள்வி. நேற்று காமாட்சியம்மாள், “இன்னாம்மா, உங்க வீட்டுக்காரரு திருப்பதிக்கா திருத்தணிக்கா, முடி வளர்த்துக்கினு இருக்காரு?” என்றார். “கிடாருக்கும்மா” என்றேன். “அது எந்த ஊரு சாமி?” என்றார்.

“பாட்டு வருஷக்கணக்கா அதே இடத்துலதானே நிக்குது” என்று நான் சொன்னதற்கு, சங்கீதம் தெரியாதவள் என்றீர்கள். இருக்கட்டும். காலையில் நான் குளிக்கும்போது, நீங்கள் வாசிப்பதில் அந்த இடம் வந்தது. சோப்பும் கையுமாக நின்றேன். நிற்காமல் கடைசிவரை போய்விட்டது! அப்பாடா என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

நீங்களோ வாசித்து முடித்ததை மறைத்துவிட்டீர்கள். முடிமேல் ஆசை வந்துவிட்டது, தெரியும். காதால் கேட்ட சாட்சி நான். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் சலூனுக்குப் போய் வந்துவிடுங்கள்.

— சுகாசினி

இப்போதுதான் போன் வந்தது. பையனின் அப்பாவுக்கு உங்கள் கிடார் வாசிப்பைக் கேட்க வேண்டுமாம். இளவரசி பையனிடம் பெருமையடித்திருக்கிறாள். வாசியுங்கள். நடுவில் நின்றால் சிரித்துவிட்டு வடையை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சபதம் மட்டும் வேண்டாம்.