கைக்கு வராத ஊசி

ஐப்பசி 12, செவ்வாய்

மனைவிக்குக் காய்ச்சல். பாளையம்பட்டி டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் ஊசி எழுதினார். மருந்தை ஏற்றுமுன் நர்ஸ், "ஏதாவது மருந்து ஒத்துக்காம இருந்திருக்கா?" என்று கேட்டாள்.

"இரும்பு உடம்பு தாயி! இவளைப் பாம்பு கடிச்சாலும் பாம்புதான் சாகும்" என்றேன். அங்கே இருந்த நூறு பேரும் சிரித்தார்கள். சரி, பத்துப் பேர் இருக்கும்.

நர்ஸ் சிரிக்கவில்லை. "ஊசி உங்களுக்கா மாமா, அத்தைக்கா? அவுகளே சொல்லட்டும்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "முன்னே ஒருக்க இந்தக் காய்ச்சலுக்கு ஊசி போட்டதும் மூஞ்சி வீங்கி மூச்சு முட்டிருச்சு தாயி. அப்ப இவுக திருச்சுழிக்குக் கெடாவெட்டுக்குப் போயிருந்தாக. சொன்னா, நான் செத்துப் பொழைச்சேன்னு ஊரு பூரா கதை அளப்பாக. அதான் சொல்லல."

நர்ஸ் ஊசியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். டாக்டரே எழுந்து வந்தார். இதே மருந்தாகத்தான் இருக்கும் என்று ஊசியை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்தார். மனைவியின் சீட்டில் அந்த மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்.

எத்தனையோ கலெக்டர்களிடம் வாயாடியவன் நான். அந்த நர்ஸைப் பார்த்துக் கும்பிடத்தான் முடிந்தது. என் பேச்சை மட்டும் அவள் நம்பியிருந்தால்...

மருந்து ஒத்துக்காது என்று நான்தான் சொன்னதாக நாளை டீக்கடையில் அளப்பேன். இந்த நோட்டில் மட்டும் நடந்தது நடந்தபடி இருக்கட்டும். பக்கத்தில் மனைவி குறட்டை விடுகிறாள். கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.